சோபாவுக்குப் பின்னால் ஒளிந்த குழந்தைகள்: 'டாக்டர் ஹூ' எவ்வளவு பயமுறுத்தியது?

குழந்தைகளுக்கான திகில் தொடர் என்ற பேச்சை எடுத்தாலே ஒரு சிக்கல் வந்துவிடுகிறது. கொஞ்சமும் பயமுறுத்தாவிட்டால் அது திகில் தொடரே இல்லை. ரொம்பவும் பயமுறுத்தினால் அது குழந்தைகளுக்கானது இல்லை. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே போடுவது? அதை யார் போடுவது? தயாரிப்பாளரா, பெற்றோரா, இல்லை டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த வாண்டா?

பிரிட்டனில் இந்தக் கேள்வி பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. பெரும்பாலும் காரணம் ஒரே தொடர்தான். 1963-ல் பிபிசியில் ஆரம்பித்த 'டாக்டர் ஹூ'.

கதை எளிமையானது. 'டாக்டர்' என்று மட்டும் அழைக்கப்படும் வேற்றுலகவாசி ஒருவர், நீல நிறப் போலீஸ் பெட்டி போலத் தெரியும் 'டார்டிஸ்' என்ற வண்டியில் காலத்தையும் வெளியையும் கடந்து பயணம் செய்கிறார். போகும் இடமெல்லாம் ஆபத்து, பூதங்கள், கொடுங்கோலர்கள். வகை பிரித்தால் இது அறிவியல் புனைகதை. ஆனால் பிரிட்டிஷ் குழந்தைகள் பலருக்கு வாழ்க்கையில் முதல் பேய்க்கதையே இதுதான். 'சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு டாக்டர் ஹூ பார்த்தேன்' என்பது அங்கே கிட்டத்தட்ட ஒரு பழமொழி. 1991-ல் லண்டனில் இருந்த நகரும் பட அருங்காட்சியகம் இந்தத் தொடரைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியபோது, அதற்கு 'சோபாவுக்குப் பின்னால்' என்றே பெயர் வைத்தார்கள்!

அப்படி என்னதான் பயம் அதில்? எந்தக் காட்சி எல்லை மீறியது? வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. பூதம் எவ்வளவு கோரமாக இருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை. அது வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது, பயந்த குழந்தைக்குத் தப்பிக்க ஒரு வழி இருக்கிறதா என்பவைதான் முக்கியம்.

சனிக்கிழமை சாயங்காலம்

முதல் எபிசோட் 1963 நவம்பர் 23-ஆம் தேதி, சனிக்கிழமை மாலை 5 மணிக்குச் சற்றுப் பிறகு ஒளிபரப்பானது. முந்தைய நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஊரே அந்தச் செய்தியில் மூழ்கியிருந்ததால், அடுத்த வாரம் முதல் எபிசோடை இன்னொரு முறை காட்டிவிட்டுத்தான் இரண்டாவதைக் காட்டினார்கள்.

தொடரின் மூளை, பிபிசி நாடகப் பிரிவின் தலைவராக இருந்த கனடாக்காரர் சிட்னி நியூமன். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், அப்போது 28 வயதைத் தொடும் இளம்பெண். இங்கே கவனிக்க வேண்டியது, இந்தத் தொடரை எடுத்தது பிபிசியின் குழந்தைகள் பிரிவு அல்ல, நாடகப் பிரிவு என்பதுதான். விளையாட்டு நிகழ்ச்சி முடிந்து, பாப் பாடல் நிகழ்ச்சி தொடங்கும் முன் இருந்த இடைவெளியில் அப்பா, அம்மா, அண்ணன், குட்டித் தங்கை எல்லாரும் சேர்ந்து பார்க்கும் தொடராக இது திட்டமிடப்பட்டது. குழந்தை தனியாகப் பார்க்காது, பக்கத்தில் பெரியவர்கள் இருப்பார்கள் என்ற கணக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் தெரியவரும்.

முட்டைக்கண் பூதங்கள் வேண்டவே வேண்டாம் என்பது நியூமனின் கண்டிப்பான உத்தரவு. வரலாறும் அறிவியலும் சொல்லித்தரும் தொடராக அது இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஐந்தாவது வாரமே அந்த ஆசை காற்றில் பறந்தது!

டாலெக் வந்த கதை

1963 டிசம்பர் 21. உலோகச் சுவர்கள் கொண்ட ஒரு நகரத்தில் பார்பரா என்ற ஆசிரியை தனியாக மாட்டிக்கொள்கிறார். ஏதோ ஒன்று அவரை நோக்கி வருகிறது. திரையில் தெரிவது அதன் கை மட்டும்தான். பார்பரா சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறுகிறார். அவ்வளவுதான், எபிசோட் முடிந்தது. வந்தது என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்.

உண்மையில் அந்தக் கை, அடைப்பு எடுக்கப் பயன்படும் ரப்பர் கிண்ணம் வைத்த குச்சி போன்ற ஒன்று. பகலில் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அடுத்த வாரம் முழு உருவமும் தெரிந்தது. கால்கள் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வரும் உலோகக் கூண்டு, முகம் இல்லை, கரகரத்த இயந்திரக் குரல். டெர்ரி நேஷன் எழுதி, ரேமண்ட் கியூசிக் வடிவமைத்த 'டாலெக்'குகள் இவை. நியூமனுக்குக் கடும் கோபம். ஆனால் பார்வையாளர் எண்ணிக்கை ஏறிய வேகத்தைப் பார்த்து அவரே சமாதானமாகிவிட்டார்.

டாலெக்கைப் பார்த்து மாலையில் அலறிய குழந்தைகள், திங்கட்கிழமை பள்ளி மைதானத்தில் கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு டாலெக்காக மாறி நண்பர்களைத் துரத்தினார்கள். 1964, 65-ஆம் ஆண்டுகளில் டாலெக் பொம்மைகள் கடைகளில் குவிந்தன. பயம் விளையாட்டாக மாறிவிட்டது. தன்னைப் பயமுறுத்திய உருவத்தையே எடுத்து மாட்டிக்கொண்டு மற்றவனைப் பயமுறுத்த முடிகிறது என்றால், அந்தப் பயம் குழந்தையின் கட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு கத்தரிக்கோல்

பூதங்கள் நடமாடும் இந்தத் தொடரில் பிபிசிக்குள்ளேயே முதலில் எதிர்ப்பைக் கிளப்பியது ஒரு சாதாரணக் கத்தரிக்கோல். 1964 பிப்ரவரியில் வந்த எபிசோட் ஒன்றில் பூதமே கிடையாது. கதாபாத்திரங்கள் வண்டிக்குள்ளேயே அடைபட்டு, ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிறார்கள். டாக்டரின் பேத்தி சூசன் வெறிபிடித்தவள் போலக் கத்தரிக்கோலால் படுக்கையைக் குத்துகிறாள். குழந்தைகள் பார்த்துச் செய்துவிடுவார்களே என்று குழந்தைகள் பிரிவு கண்டித்தது. வெரிட்டி லாம்பர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டார்.

அவர்கள் கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது. 1958-லேயே ஹில்டே ஹிம்மல்வைட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் தொலைக்காட்சியும் குழந்தைகளும் பற்றி ஒரு பெரிய ஆய்வு நூல் வெளியிட்டிருந்தார்கள். கௌபாய் படங்களில் துப்பாக்கியால் சுட்டு நாலு பேர் விழுவது குழந்தைகளை அவ்வளவாகப் பாதிப்பதில்லை, கத்தியும் குத்துவாளும்தான் அதிகம் கலங்க வைக்கின்றன என்பது அதில் ஒரு கண்டுபிடிப்பு. லேசர் துப்பாக்கி எந்த வீட்டிலும் கிடையாது. கத்தரிக்கோல் எல்லா வீட்டிலும் உண்டு.

பயம் வீட்டுக்குள் நுழைகிறது

1968 பிப்ரவரியில் 'எட்டி' எனப்படும் பனிமனிதர்கள் லண்டன் சுரங்க ரயில் பாதைக்குள் புகும் கதை வந்தது. அதற்கு முந்தைய வாரம் ஒரு சிறப்பு முன்னோட்டம் காட்டினார்கள். அப்போது டாக்டராக நடித்த பேட்ரிக் ட்ரௌட்டன் நேராகக் குழந்தைகளைப் பார்த்துப் பேசினார். இந்த முறை வரும் எட்டிகள் முன்பைவிட பயங்கரமானவை, உங்கள் அப்பா அம்மா பயந்தால் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்ற பொருளில். எவ்வளவு அழகான தந்திரம்! பயப்படுவது பெரியவர்கள், தைரியம் சொல்வது குழந்தை. வேடிக்கை போலத் தெரிந்தாலும், அது முன்கூட்டியே கொடுக்கப்பட்ட எச்சரிக்கை, கூடவே துணைக்கு ஆள் வைத்துக்கொள் என்ற யோசனை.

அடுத்து டாக்டராக வந்த ஜான் பெர்ட்வீ ஒரு கருத்தைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இமயமலையில் எட்டி இருந்தால் யாருக்கு என்ன? நம் ஊர்த் தெருவில், கழிவறைக்குள் ஒரு எட்டி உட்கார்ந்திருந்தால்தான் பயம் என்பது அவர் கட்சி. அவர் காலத்துக் கதைகள் அப்படியே பூமிக்கு இறங்கி வந்தன. 1970 ஜனவரியில் துணிக்கடைப் பொம்மைகள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவில் இறங்கிச் சுட ஆரம்பித்தன.

1971 ஜனவரியில் அதே 'ஆட்டன்'கள் திரும்பி வந்தபோது எல்லை தாண்டியது. பிளாஸ்டிக் நாற்காலி உட்கார்ந்தவரை விழுங்கி மூச்சுத்திணற வைக்கிறது. காரில் கிடந்த அவலட்சணமான பொம்மை உயிர்பெற்று ஆளைக் கொல்கிறது. இலவசமாகக் கொடுக்கப்படும் பிளாஸ்டிக் பூ முகத்தில் ஒரு படலத்தைப் பீய்ச்சி மூக்கையும் வாயையும் அடைக்கிறது. தொலைபேசி ஒயர் கழுத்தை நெரிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, காப்பாற்ற வந்ததாக நினைத்த போலீஸ்காரரின் முகத்தைப் பிடித்து இழுத்தால், உள்ளே முகமே இல்லை!

கொஞ்சம் யோசித்தால் இது சாமான்யமான பட்டியல் இல்லை என்று புரியும். நாற்காலி, பொம்மை, பூ, ஃபோன், போலீஸ் எல்லாம் ஒரு குழந்தை நம்பியிருக்கும் பொருட்களும் மனிதர்களும். இரவில் அந்தக் குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்குவதே ஒரு பொம்மையைத்தான். புகார்கள் குவிந்தன. நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை வரை பேச்சு போனது. தயாரிப்பாளர் பேரி லெட்ஸ், கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டோம் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

திருமதி ஒயிட்ஹவுஸ்

இந்தக் கதையில் வில்லி என்று சிலரும் வீராங்கனை என்று சிலரும் சொல்லும் ஒருவர் உண்டு. மேரி ஒயிட்ஹவுஸ். இங்கிலாந்தின் மத்தியப் பகுதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை. டிவியைச் சுத்தப்படுத்துவோம் என்று 1964-ல் பர்மிங்காம் நகர மண்டபத்தில் பெரிய கூட்டம் நடத்தினார். 1965-ல் நேயர்கள் சங்கம் ஒன்றை நிறுவி, அடுத்த பல ஆண்டுகள் பிபிசியைத் தூங்கவிடவில்லை.

டாக்டர் ஹூவின் மீது அவர் பார்வை கடுமையாக விழுந்தது 1975-க்குப் பிறகு. அப்போது தயாரிப்பாளர் பிலிப் ஹின்ச்கிளிஃப், கதைப் பொறுப்பு ராபர்ட் ஹோம்ஸ், டாக்டர் டாம் பேக்கர். இந்தக் கூட்டணி பழைய திகில் படங்களிலிருந்து தாராளமாகக் கடன் வாங்கியது. பிணத்துண்டுகளை ஒட்டி உருவாக்கிய உடல், நடமாடும் எகிப்திய மம்மிகள், மனிதனைச் செடியாக மாற்றும் விதை என்று ஒவ்வொரு கதையும் ஒரு மிரட்டல். பல வாரங்களில் 1 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அந்தத் தொடரின் பொற்காலம் என்று இன்றும் பல ரசிகர்கள் சொல்வது இந்த மூன்று வருடங்களைத்தான்.

ஒயிட்ஹவுஸ் சொன்ன குற்றச்சாட்டுகளில் பல வெறும் எண்ணிக்கைக் கணக்கு. எத்தனை பேர் கழுத்து நெரிக்கப்பட்டது, எத்தனை பேர் செத்தார்கள் என்பது போல. எண்ணிக்கையை நம்பினால் வேடிக்கையான முடிவுகள்தான் வரும். 1972-ல் பிபிசியே வெளியிட்ட ஓர் ஆய்வில், வன்முறைச் சம்பவங்களை எண்ணிப் பார்த்தபோது அதன் நாடகத் தொடர்களிலேயே முதலிடம் டாக்டர் ஹூவுக்குத்தான் கிடைத்தது! டாலெக் ஒளிக்கதிர் பாய்ச்சி ஒருவர் விழுந்தால் அதுவும் ஒன்று, போலீஸ் தொடரில் ஒருவனை மண்டையில் அடித்தால் அதுவும் ஒன்று. இரண்டும் ஒரே பயம் இல்லை என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது.

உறைந்து நின்ற காட்சி

1976 நவம்பர் 13. 'தி டெட்லி அசாசின்' கதையின் மூன்றாவது எபிசோட். அதில் பூதம் இல்லை, ரப்பர் முகமூடி இல்லை. ஒரு மனிதன் டாக்டரின் தலையைத் தண்ணீருக்குள் பிடித்து அழுத்துகிறான். டாக்டர் திமிறுகிறார். பிறகு திமிறல் நிற்கிறது. தண்ணீருக்கடியில் அவர் முகம் அப்படியே உறைந்து நிற்க, எபிசோட் முடிந்து இசை ஆரம்பித்துவிடுகிறது.

ஒயிட்ஹவுஸின் வாதம் இதுதான்: பெரியவர்களுக்கு டாக்டர் அடுத்த வாரம் பிழைத்து வருவார் என்று தெரியும். சின்னக் குழந்தைக்குத் தெரியாது. மூழ்கிய அந்த முகம் ஏழு நாட்கள் அதன் மனதில் அப்படியே நிற்கும்.

பிபிசியின் தலைமை இயக்குநர் சார்லஸ் கரன், அந்தக் காட்சி எல்லை மீறியது என்று ஏற்றுக்கொண்டு அவருக்குக் கடிதம் எழுதினார். மூல நாடாவிலிருந்தே அந்தக் கடைசிச் சில நொடிகளை வெட்டினார்கள். மறு ஒளிபரப்பில் அது இல்லை. ஹின்ச்கிளிஃப் வேறு ஒரு போலீஸ் தொடருக்கு மாற்றப்பட்டார். 1977-ல் வந்த புதிய தயாரிப்பாளர் கிரஹாம் வில்லியம்ஸிடம் பயத்தைக் குறைக்கச் சொன்னார்கள். நகைச்சுவை கூடியது.

நேயர்கள் சங்கம் நடத்திய ஒருவர் எழுதிய புகாரால் ஒரு தேசியத் தொடரின் திசையே மாறியது என்பது சிறிய விஷயம் இல்லை. இது சரியா தவறா என்று இன்றும் ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். ஆனால் ஒன்று மட்டும் உண்மை. தண்ணீரில் மூழ்கிச் சாவது எந்தக் குழந்தைக்கும் தெரிந்த ஆபத்து. அதை விளையாட்டாக மாற்றி மைதானத்தில் ஆடித் தீர்க்க முடியாது. 'தொடரும்' என்ற உத்தி டாலெக் கதையில் ஆவலைக் கொடுத்தது. இங்கே அது தப்பிக்கும் கதவை ஒரு வாரத்துக்குச் சாத்திவிட்டது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

1980-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோன் கேன்டர் என்ற ஆய்வாளர் இதையே சோதனைகள் மூலம் ஆராய்ந்தார். அவர் குழுவினர் பயன்படுத்திய தொடர்களில் ஒன்று 'தி இன்கிரெடிபிள் ஹல்க்'. பள்ளி சேரும் முன் வயதுள்ள பொடிசுகளுக்கு, நல்ல மனிதர் பச்சைப் பூதமாக மாறும் இடம்தான் உச்சபட்ச பயம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் பயமே இல்லை. பூதம் நல்லது செய்ய வருகிறது என்று அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

ஆக, சின்ன வயதில் உருவம் பயமுறுத்துகிறது. வளர வளர, 'இது எனக்கும் நடக்குமோ' என்ற எண்ணம் பயமுறுத்துகிறது. ஆறுதல் சொல்லும் விதமும் அதற்கேற்ப மாறுகிறது. 'அது நிஜமில்லை கண்ணு' என்று விளக்கினால் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் போதும். நாலு வயதுக் குழந்தைக்கு அந்த விளக்கம் உதவாது. கண்ணை மூடிக்கொள்வதும், அம்மா மடியில் ஏறிக்கொள்வதும்தான் உதவும். சோபாவுக்குப் பின்னால் ஓடிய குழந்தைகள் தங்களுக்குத் தெரிந்த மருந்தைத் தாங்களே தேடிக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

டேவிட் பக்கிங்ஹாம் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் குழந்தைகளிடமே உட்கார்ந்து பேசி 1996-ல் ஒரு நூல் எழுதினார். திகில் கதைகளைச் சமாளிக்கக் குழந்தைகளிடம் பல வழிகள் இருக்கின்றன, ஆனால் செய்திகளையும் உண்மைக் குற்ற நிகழ்ச்சிகளையும் பார்த்து வரும் பயத்தைச் சமாளிப்பது அவர்களுக்குக் கடினமாக இருக்கிறது என்று அதில் காட்டினார்.

கதவே இல்லாத பயம்: 1992

இதற்குச் சரியான உதாரணம் டாக்டர் ஹூ அல்லாத ஒரு நிகழ்ச்சி. 1992 அக்டோபர் 31 இரவு 9 மணிக்குப் பிறகு பிபிசி 'கோஸ்ட்வாட்ச்' என்று ஒன்றைக் காட்டியது. பேய் வீடு ஒன்றிலிருந்து நேரடி ஒளிபரப்பு போல எடுக்கப்பட்ட நாடகம். ஆனால் அதில் வந்தவர்கள் நாட்டுக்கே தெரிந்த நிஜத் தொகுப்பாளர்கள். பேட்டிகளுக்குப் பெயர்போன மைக்கேல் பார்க்கின்சன், குழந்தைகள் நிகழ்ச்சிகளில் பிரபலமான சாரா கிரீன். நாடகத்தின் முடிவில் சாரா கிரீன் இருட்டறைக்குள் மாட்டிக்கொள்கிறார்.

குழந்தைகள் பலர் அதை நிஜம் என்றே நம்பினார்கள். சில நாட்களில் சாரா கிரீனே குழந்தைகள் நிகழ்ச்சியில் தோன்றி, தான் நலமாக இருப்பதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. 1994-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில், இந்த நிகழ்ச்சியைப் பார்த்து நீண்ட நாள் மன பாதிப்புக்கு உள்ளான 10 வயதுச் சிறுவர்கள் இருவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். இரண்டே பேரை வைத்து எல்லாக் குழந்தைகளையும் பற்றி முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும் வித்தியாசம் புரிகிறது. டாக்டர் ஹூவில் அந்த விநோதமான தலைப்பு இசை ஒலித்ததுமே, இது கதை என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். கோஸ்ட்வாட்சில் அந்த வாசலே இல்லை. நம்பிக்கைக்குரிய முகம் ஒன்றே பயத்தின் பக்கம் போய்விட்டது. முகமில்லாத போலீஸ்காரர் மாதிரி.

2005: மறுபடியும் அதே கேள்வி

1989-ல் நின்றுபோன டாக்டர் ஹூ, 2005 மார்ச் 26 அன்று புதிய தொடராகத் திரும்பியது. மூன்றாவது வாரமே, 1869-ஆம் ஆண்டுக் கார்டிஃப் நகரில் பிணங்கள் எழுந்து நடக்கும் கதை. வழக்கம்போலப் பெற்றோரிடமிருந்து புகார்கள். 8 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்காக இது எடுக்கப்படுவதில்லை என்ற பொருளில் பிபிசி பதில் சொன்னது. அதே வருடம், முகத்தில் விஷவாயு முகமூடி ஒட்டிப்போய் அம்மாவைத் தேடி அலையும் சிறுவனின் கதையில், மண்டை எலும்பு நொறுங்கும் சத்தம் ஒன்றை ஒளிபரப்புக்கு முன்பே நீக்கினார்கள்.

2007-ல் வந்த 'பிளிங்க்' இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் வரும் கல் தேவதைகள், பார்த்துக்கொண்டிருக்கும் வரை வெறும் சிலைகள். கண்ணிமைத்தால் பக்கத்தில் வந்துவிடும். கண்ணை மூடிக்கொள்வதுதான் சின்னக் குழந்தையின் கடைசிப் புகலிடம். அந்தப் புகலிடத்தையே இந்தக் கதை ஆபத்தாக மாற்றிவிட்டது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை, கோர முகம் அதிக நேரம் இல்லை. ஆனாலும் தொடரின் மிகப் பயங்கரமான எபிசோட் எது என்று கேட்டால் பலர் இதைத்தான் சொல்வார்கள்.

இந்தப் புதிய தொடரை வழிநடத்திய ரஸல் டி டேவிஸ் 1963-ல் பிறந்தவர். கல் தேவதைகளை எழுதிய ஸ்டீவன் மொஃபட் 1961-ல் பிறந்தவர். கார்டிஃப் பிணங்களை எழுதிய மார்க் கேட்டிஸ் 1966-ல் பிறந்தவர். பிளாஸ்டிக் பூவும் உறைந்த முகமும் திரையில் வந்தபோது இவர்கள் எல்லாரும் சிறுவர்கள். அன்று பயந்த பிள்ளைகள்தான் வளர்ந்து அடுத்த தலைமுறையைப் பயமுறுத்தினார்கள். பயம் இவர்களைக் கெடுத்துவிடவில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி. எல்லாக் குழந்தைகளும் இவர்களைப் போலவே ரசித்தார்கள் என்பதற்கு இது சாட்சி ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேரி ஒயிட்ஹவுஸ் 2001-லேயே காலமாகிவிட்டார். வெட்டப்பட்ட அந்த நொடிகள் வேறு பிரதியிலிருந்து மீட்கப்பட்டு டிவிடியில் சேர்க்கப்பட்டன. புதிய தொடர் வந்தபோது பிபிசி தன் இணையதளத்தில் ஒரு வேலை செய்தது. ஒரு குடும்பத்தின் குழந்தைகளுக்கு எபிசோடை முன்கூட்டியே போட்டுக்காட்டி, எவ்வளவு பயமாக இருந்தது என்று அவர்களையே மதிப்பெண் போடச் சொன்னது. அதைப் பார்த்துவிட்டு மற்ற பெற்றோர் முடிவு செய்துகொள்ளலாம். கோடு எங்கே என்று பெரியவர்கள் சண்டை போட்டு 40 வருடம் ஆன பிறகு, ஒருவழியாகக் குழந்தைகளிடமே கேட்கத் தோன்றியிருக்கிறது!